இருநூற்றுப் பதினாலு என்று சொன்னேன்

செப்டம்பர் 5, வெள்ளி

இன்று முப்பத்தொரு கைகள். பதினேழாவது கை ஒரு லாரி டிரைவருடையது. ஆறடி ஆள், ஊசியைப் பார்த்ததும் நாற்காலியோடு சாய்ந்துவிட்டார். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினால், "வெளியில என் பொண்டாட்டி இருக்கா, சொல்லிடாதீங்க சிஸ்டர்" என்கிறார். சொல்லவில்லை. ரத்தம் எடுக்கும் அறையில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். எத்தனை பேருடைய ரகசியம் என்னிடம்!

சாயங்காலம் என் வீட்டுக்காரர் ஒரு உறையோடு வந்தார். அவர் ஏசி மாட்டிக் கொடுத்த கம்பெனிக்காரர் மூன்று பேருக்குப் பாஸ் தந்திருக்கிறாராம். கடற்கரையில் புதிதாகத் திறந்திருக்கும் அந்தக் கடற்கொள்ளையர் கப்பல் விடுதி. காலை பத்து முதல் மாலை ஆறு வரை. தங்க முடியாது, பகல் விருந்தினர் மட்டும்.

மகள் குதிப்பாள் என்று நினைத்தேன். "தங்க முடியாதா?" என்றாள். மூஞ்சி விழுந்துவிட்டது. பதினாலு வயசு. என்ன கொடுத்தாலும் அதற்கு அடுத்ததுதான் வேண்டும்.

செப்டம்பர் 7, ஞாயிறு

போய் வந்தோம். நல்ல வெயில். எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

எழுத ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறேன். இந்த நோட்டைப் படிக்கப்போவது நான் ஒருத்திதான். என்னிடமே பொய் சொன்னால் அப்புறம் நோட்டு எதற்கு?

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

வாசலே ஒரு பெரிய மரக்கப்பல். உள்ளே வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் கோடு போட்ட பனியன், தலையில் சிவப்புத் துணி. மேற்பார்வையாளருக்குப் பெயரே கேப்டன்தான்; முக்கோணத் தொப்பி, ஒரு கண்ணுக்குக் கறுப்பு மூடி. மூடி போட்டால் படியில் தடுக்குகிறது போல, அதை நெற்றிக்கு ஏற்றி விட்டிருந்தார். எங்கள் கையில் மஞ்சள் பட்டை கட்டினார்கள். தங்குகிறவர்களுக்கு நீலப் பட்டை. அவர்கள் 'மாலுமிகள்'. நாங்கள் 'நாள் பயணிகள்'. மஞ்சள் பட்டைக்குக் கடற்கரை உண்டு, பீரங்கி தண்ணீர் பீய்ச்சும் விளையாட்டு உண்டு, சாப்பாடு உண்டு. நடுவில் இருக்கும் 'புதையல் குளம்' மட்டும் கிடையாது.

சாப்பிட்டதும் என் வீட்டுக்காரர் நிழலில் படுத்துத் தூங்கிவிட்டார். நானும் மகளும் மணலில் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் அவளுடைய வகுப்புத் தோழி கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள், கையில் நீலப் பட்டை. "நாங்க குளத்துலதான் இருக்கோம், வாடி! அம்மாவையும் கூட்டிட்டு வா!" என்று சொல்லிவிட்டு ஓடிப்போனாள்.

என் மகள் அசையவில்லை. சட்டைக் கையை இழுத்து இழுத்து மணிக்கட்டை மூடினாள். "அம்மா, நாமளும் இங்க தங்கறோம்னு அவகிட்ட சொல்லிட்டேன்." கண் தளும்பி நின்றது.

அங்கேயே நான் சொல்லியிருக்க வேண்டும். பொய் சொன்னது தப்பு, போய் உண்மையைச் சொல்லு என்று. சொன்னேனா? என் சட்டைக் கையையும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தேன்.

குளத்துக்குப் போகும் வழியில் ஒரு துண்டு கவுன்ட்டர். நீலத் துண்டு தோளில் இருந்தால் யாரும் தடுப்பதில்லை என்பதைக் காலையிலேயே கவனித்திருந்தேன். அதை ஏன் கவனித்தேன்? கவுன்ட்டரில் ஐம்பது வயசு இருக்கும் ஒரு அம்மா. ரூம் கார்டு கேட்டார்.

"ரூம்லயே வெச்சிட்டேன்" என்றேன். "இருநூத்திப் பதினாலு."

எங்கிருந்து வந்தது அந்த எண்? தடுமாறவே இல்லை. அந்த அம்மா நோட்டில் எழுதிக்கொண்டு இரண்டு துண்டு எடுத்துக் கொடுத்தார். "அடுத்த தடவை கார்டு எடுத்துட்டு வந்துடுங்கம்மா, எனக்குப் பேச்சு விழும்."

மீதியை நாளைக்கு எழுதுகிறேன். கை வரவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. உண்மையான இருநூற்றுப் பதினாலாம் அறைக்காரர்கள் துண்டு கேட்டு வந்துவிட்டார்கள்.

நான் குளத்தில் கால் விட்டு உட்கார்ந்து தோழியின் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன். "எங்க பால்கனியிலிருந்து கடல் தெரியுது, உங்களுக்கு?" என்று அவர் கேட்டார். "பாதி தெரியுது" என்றேன். பாதி தெரிகிறதாம்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவள் நான்தான்.

கேப்டன் வந்து நின்றார். "மேடம், நீங்க இருநூத்திப் பதினாலா?" ஈரமான சட்டைக் கை எப்போதோ மேலே ஏறியிருந்தது. மஞ்சள் பட்டை பளீரென்று தெரிந்தது. அவர் அதைப் பார்த்தார். தோழியின் அம்மாவும் பார்த்தார். என் மகள் தண்ணீருக்குள் கழுத்து வரை இறங்கி நின்றாள்.

நான் சொன்னது இது. சொல்லுக்குச் சொல் எழுதுகிறேன்:

"நாங்க கேக்கவே இல்லீங்க. அந்த டவல் கவுன்ட்டர் அம்மாதான் கூப்பிட்டு, பரவால்ல போங்கன்னு குடுத்தாங்க."

அந்த அம்மாவைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஓட்டமாக வந்தார், கையில் மடித்த துண்டோடு. "அப்படியாம்மா? நீங்களா குடுத்தீங்க?" என்றார் கேப்டன்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. நான் தினமும் இப்படி மனிதர்களைப் பார்ப்பேன் - எந்த நரம்பு என்று.

"ஆமா சார். தப்பு என் மேலதான்."

கேப்டன் என்னிடம் மரியாதையாக, "இது மாலுமிகளுக்கு மட்டும் மேடம்" என்றார். தோழியின் அம்மா நீந்தி மறுகரைக்குப் போய்விட்டார். துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சொட்டச் சொட்ட நடந்தோம். நிழலில் தூங்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரரை எழுப்பினோம். "அதுக்குள்ளயா?" என்றார். "வெயில் ஒத்துக்கல" என்றேன். அது மூன்றாவது பொய். நாலாவதோ.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

செப்டம்பர் 10, புதன்

பள்ளியிலிருந்து வந்தவள் பையைக்கூடக் கழற்றவில்லை. சமையலறை வாசலில் நின்றாள்.

தோழிக்கு முதலிலேயே தெரியுமாம். கடற்கரையிலேயே மஞ்சள் பட்டையைப் பார்த்துவிட்டாளாம். "நீயா சொல்லல, அதான் நானும் கேக்கல" என்றாளாம். அவ்வளவுதான். அதற்கப்புறம் இருவரும் சேர்ந்துதான் சாப்பிட்டிருக்கிறார்கள். இத்தனை கூத்தும் யாருக்காக?

அவள் இன்னொன்றும் சொன்னாளாம். திங்கட்கிழமை அவர்கள் கிளம்பும்வரை அந்தக் கவுன்ட்டரில் வேறு ஆள்தானாம். பழைய ஆன்ட்டி எங்கே என்று கேட்டதற்கு, 'தூக்கிட்டாங்க' என்றார்களாம்.

"நான் சொன்னது பொய்தான்மா" என்றாள் என் மகள். "ஆனா நான் யார் மேலயும் போடல."

அடுப்பைப் பார்த்தபடியே நின்றேன். பால் பொங்கி வழிந்தது. அணைக்கத் தோன்றவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

இன்று இரண்டு பேருக்கு இரண்டு முறை குத்த வேண்டியதாயிற்று. எனக்கு அப்படி ஆகாது.

செப்டம்பர் 13, சனி

வீட்டுக்காரரிடம் சொன்னேன். காலையில் ஸ்பானர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். முதலில் சிரித்தார். "ஒரு துண்டுக்கா?" பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"நான் வீடு வீடாப் போய் ஏசி கழட்டறவன். அந்த வீட்டுல ஏதாச்சும் உடைஞ்சா முதல்ல யாரைப் பாப்பாங்க? என்னைத்தான். அவங்களே உடைச்சிருப்பாங்க. இருந்தாலும் என்னைத்தான்."

கையில் ஸ்பானரோடு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த வீட்டம்மாங்கள்ல ஒருத்தியா நீயும்?"

திட்டியிருக்கலாம். கையில் இருந்ததை விட்டெறிந்திருக்கலாம். அவர் திரும்பித் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

செப்டம்பர் 15, திங்கள்

விடுதிக்கு ஃபோன் செய்தேன். ஒன்றை அழுத்துங்கள், இரண்டை அழுத்துங்கள். அறை பதிவு செய்ய மூன்று. செய்த பாவத்தைச் சொல்ல எந்த எண்?

வைத்துவிட்டேன். நேரில்தான் போக வேண்டும். போவேனா?

செப்டம்பர் 18, வியாழன்

போனேன்.

லீவு போட்டேன். பட்டை இல்லாமல் உள்ளே விடமாட்டோம் என்றார்கள். ஆகவே நானே ஒரு பகல் சீட்டு வாங்கி, மறுபடியும் மஞ்சள் பட்டை கட்டிக்கொண்டு, தனி ஆளாக அந்த மரக்கப்பலுக்குள் நுழைந்தேன். கோடு பனியன்காரப் பெண் ஒருத்தி, "புதையல் தேட வந்தீங்களா!" என்று கூவினாள். அவளுக்கு அதைக் கூவச் சொல்லியிருக்கிறார்கள். தலையாட்டினேன்.

கேப்டனைத் தேடிப் பிடித்தேன். அதே தொப்பி, நெற்றியில் அதே கறுப்பு மூடி. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வெளியாளிடம் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், அவர் கொள்ளைக்காரன் வேஷத்தில் நிற்கிறார். இன்னொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். சொல்லி முடித்தேன்.

"பரவாயில்ல மேடம். அதெல்லாம் நாங்க பாத்துக்கிட்டோம்" என்றார். எதைப் பார்த்துக்கொண்டார்கள்? "உங்களுக்கு மனக்கஷ்டம் வந்ததுக்கு நாங்கதான் வருத்தப்படணும்" என்று சொல்லி ஒரு இலவச ஐஸ்கிரீம் கூப்பன் நீட்டினார்! வேண்டாம், எழுதித் தருகிறேன் என்றேன். விருந்தினர் கருத்துப் படிவம் ஒன்றைக் கொடுத்தார். எத்தனை நட்சத்திரம் தருவீர்கள், மீண்டும் வருவீர்களா, சிரிக்கிற முகமா அழுகிற முகமா. அதன் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்: டவல் கவுன்ட்டர் அம்மா மீது தவறில்லை, நான்தான் பொய் சொன்னேன்.

வெளியே வந்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது. அந்த லேசு பதினைந்து நிமிஷம்தான்.

அந்த அம்மா இப்போது துணி துவைக்கும் பகுதியில் இருப்பதாகவும், மூன்றரைக்குப் பின்வாசல் வழியாக வருவார் என்றும் வாட்ச்மேன் சொன்னார். பின்வாசலில் கப்பலும் இல்லை, கொடியும் இல்லை. தகரக் கதவு, குப்பைத் தொட்டிகள், ஒரு பஸ் நிறுத்தம். அவர் சாதாரணப் புடவையில் வந்தார். இருமிக்கொண்டே வந்தார்.

"என்னைத் தெரியுதாங்க?"

"தெரியாம என்ன? இருநூத்திப் பதினாலு."

மன்னிப்புக் கேட்டேன். காலில் விழாத குறை. அவர் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தபடி கேட்டுக்கொண்டார்.

"அன்னைக்கு நீங்க ஏன் இல்லைன்னு சொல்லல? என் பொண்ணு முகத்தைப் பாத்துத்தானே?"

அவர் சிரித்துவிட்டார். "உங்க பொண்ணா? நான் பாக்கவே இல்லம்மா. கெஸ்ட்டை எதுத்துப் பேசினா அதுக்குத் தனி மெமோ. ஒரு மெமோவோட போகட்டும்னு வாயை மூடிக்கிட்டேன்."

பதினோரு நாளாக அவரை ஒரு தெய்வமாக்கி வைத்திருந்தேன். என் மகளுக்காகப் பழியை ஏற்றுக்கொண்டவர் என்று. அப்படி நினைத்தால் நான் செய்தது கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது போல.

"இதோட ரெண்டு மெமோ. மூணு ஆனா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. இப்ப ஆவி அடிக்கிற ரூம்ல போட்டிருக்காங்க, எனக்கு மூச்சு ஒத்துக்கல."

"நான் உள்ள போய் எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டேங்க."

"எம் பேரு எழுதினீங்களா?"

விழித்தேன்.

"டவல் கவுன்ட்டர் அம்மான்னு..."

"அங்க ரெண்டு ஷிப்டுல நாலு பேரு. நாலு பேரும் அம்மாதான்." அப்போதுதான் அவர் குரலில் முதல்முறையாகக் கோபம் வந்தது. "பேரு தெரியாமயா என் மேல சொன்னீங்க?"

பஸ் வந்துவிட்டது. படியில் ஏறியவர், திரும்பித் தன் பெயரைச் சொன்னார். ஊழியர் எண்ணையும் சொன்னார். அதை இங்கே எழுதமாட்டேன். எழுத வேண்டிய இடத்தில் எழுதிவிட்டேன்.

ஆமாம், திரும்பவும் உள்ளே போனேன். படிவம் வேண்டாம், வெள்ளைத்தாள் கொடுங்கள் என்றேன். தேதி, நேரம், அவர் பெயர், எண், என் பெயர், என் கையெழுத்து. கேப்டன் படித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். தொப்பி இல்லாமல் பார்த்தால் சின்ன வயசுக்காரர்தான், களைத்துப்போயிருந்தார்.

"மேடம், இதை நான் மேல அனுப்பினா பொய் ரூம் நம்பர் குடுத்தது நீங்கன்னு ரெக்கார்டு ஆகும். இனிமே உங்க குடும்பத்தையே உள்ள விடமாட்டாங்க. யோசிச்சுக்குங்க."

"அனுப்புங்க."

"மெமோவை எடுப்பாங்களான்னு என்னால சொல்ல முடியாது."

"தெரியும். அனுப்புங்க."

செப்டம்பர் 19, வெள்ளி

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெயர் தெரியாமல் எழுதிக் கொடுத்ததையும் சேர்த்து. நல்லவளாகக் காட்டிக்கொள்ளும் இடங்களை விட்டுவிட்டுச் சொல்லப் பார்த்தேன். அது ரொம்பக் கடினமாக இருந்தது.

அவள் கேட்டது ஒன்றுதான்: "அவங்க மன்னிச்சாங்களா?"

"இல்ல. பஸ் வந்துடுச்சு."

செப்டம்பர் 27, சனி

தகவல் இல்லை. விடுதியிலிருந்து ஒரு மெசேஜ் மட்டும்: உங்கள் கருத்துக்கு நன்றி. மருந்துக்கடையில் இருமல் மருந்து வாங்க வருகிறவர்களைப் பார்த்தால்கூட மனசு அடித்துக்கொள்கிறது.

அக்டோபர் 5, ஞாயிறு

காலையில் மகள் என் ஃபோனை எடுத்துக்கொண்டு வந்தாள். "நீ கூப்பிட மாட்டே. நான் கூப்பிடறேன்." ஸ்பீக்கரில் போட்டாள். ஒன்று, இரண்டு, நாலு என்று அழுத்தி எப்படியோ ஆளைப் பிடித்துவிட்டாள். அந்த அம்மாவின் முழுப் பெயரையும் நிதானமாகச் சொல்லி, இப்போது எங்கே வேலை செய்கிறார் என்று கேட்டாள்.

"அவங்க குளத்துப் பக்கம்தான், டவல் கவுன்ட்டர். புதன்கிழமைலேர்ந்து. கூப்பிடட்டுமா மேடம்? யாரு பேசறதுன்னு சொல்லட்டும்?"

மகள் என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். "வேண்டாங்க, தேங்க்ஸ்" என்று வைத்துவிட்டாள்.

எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

"நம்மளை உள்ள விடமாட்டாங்கதான்" என்றாள். "பஸ் ஸ்டாப்புல போய் நின்னு பாக்கலாமேம்மா. நானும் ஒரு தடவை சாரி சொல்லணும்."

"வேண்டாம்மா. நம்மளைப் பாத்தா அவங்க பரவாயில்லன்னு சொல்லணும், சிரிக்கணும். நாள் பூரா அதைத்தான் செய்யறாங்க. வேலை முடிஞ்சு வர்றவங்களை மறுபடியும் செய்ய வைக்க வேண்டாம்."

அவள் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரிம்மா" என்றாள்.