கீழைக்கூற்றத்துப் பெருமக்கள் வாய் திறந்து வாசிக்காத செலவோலை

மழை தவறிய ஆண்டிலும் முறை தவறாத வேங்கைமலை நாட்டை உடையாள், ஏழு துறைக்கும் பன்னிரு கூற்றத்துக்கும் குடை நிழல் தருவாள், பேரரசி பூதிநங்கைப் பெருமாட்டி ஆழிக்கோட்டத்து அரண்மனையில் வீற்றிருந்து பணித்தபடி, முதன்மந்திரி மாநாகன் எழுதி விடுக்கும் ஓலை. கீழைக்கூற்றத்து நாட்டவைப் பெருமக்கள் இருபத்துமூவர்க்கும், அவர்தம் தலைவர் கோட்புலியார்க்கும், குடத்தில் ஓலையிட்டு அவர்களைத் தேர்ந்து அனுப்பிய குடிகள் அனைவர்க்கும் நலம் உண்டாகுக. உங்கள் ஏரிகள் நிறைக. உங்கள் தொழுவங்கள் பெருகுக. உங்கள் மக்கள் நோயின்றி வாழ்க. வாழ்த்துவது முறை, ஆதலால் வாழ்த்தினோம். பெருமக்களைப் பொறுத்தவரை இவ்வோலையில் வாழ்த்து இத்துடன் முடிந்தது.

இது அவைக்குள் படித்துச் சுருட்டி வைக்கும் ஓலை அன்று. கூற்றத்து ஊர்தோறும் பறையறைந்து, ஆளைக் கூட்டி, உரக்கப் படிக்கப்பட வேண்டியது. ஆகவே எல்லாரும் அறிந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம். பேரரசியின் பாட்டனார் காலத்தில் ஓர் உப்பு வணிகன் தன் பணத்தை இறைத்து ஓர் அவையையே வாங்கினான். வாங்கிய அவை அவனுக்கு ஏரியை எழுதிக் கொடுத்தது. குடிகள் தங்கள் ஏரியில் தாங்களே விலை கொடுத்துத் தண்ணீர் மொண்டார்கள். அதன் பிறகே பாட்டனார் செலவோலை என்னும் முறையை வகுத்தார். அவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் நாற்பத்தெட்டு நாளுக்குள் அவைப்படியில் நின்று, தேர்தலுக்குத் தாம் செலவிட்டது எவ்வளவு, அதைக் கொடுத்தவர் யார் என்பதைத் தம் வாயால் வாசித்து, அந்த ஓலையை ஓலைக்காவலரிடம் ஒப்புவிக்க வேண்டும். யார் வீட்டுச் சோற்றின் பலத்தில் ஒருவர் அவை ஏறினார் என்பது குடிகளின் காதில் விழ வேண்டும் என்பதே அதன் நோக்கம். இதைவிட எளிய கடமை இந்த நாட்டில் வேறு இல்லை.

இவ்வாண்டு நாற்பத்தெட்டாம் நாள் காலையில் இருபத்துமூவரும் அவைப்படிக்கு வந்தார்கள். கேட்பதற்குக் குடிகளும் கூடியிருந்தார்கள். கோட்புலியார் முதலில் படியேறி, கழுத்தைத் தொட்டுக் காட்டி, தொண்டை கட்டிவிட்டது என்று சைகை செய்தார். பின்னால் நின்ற இருபத்திரண்டு பேருக்கும் அதே நாளில், அதே நாழிகையில் தொண்டை கட்டியிருந்தது. இப்படியொரு நோய் பரவியிருப்பதை முன்பே தெரிவித்திருந்தால் அரண்மனை மருத்துவரை அனுப்பியிருப்போம். ஒரே கயிற்றில் கட்டிய இருபத்துமூன்று ஓலைகளை ஓலைக்காவலரின் மடியில் வைத்துவிட்டு அனைவரும் வெற்றி விருந்துக்குப் போனார்கள். அங்கே கோட்புலியார் இரண்டு பாட்டுப் பாடியதாகக் கேள்வி.

அந்த ஓலைக்காவலர் பெயர் ஏறன் வெண்கூத்தர். பதினோராண்டாக அந்தப் பொறுப்பில் இருப்பவர். கண் சற்று மங்கல். ஆகவே எந்த ஓலையையும் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து இரண்டு முறை படிப்பது அவர் வழக்கம். இனி இங்கே எழுதுவதெல்லாம் அவர் பேரரசியின் முன்னால் இரண்டு காலைப்பொழுது நின்று சொன்னதும், அவர் பதிவேட்டில் கண்டதுமே ஆகும்.

முதல் ஓலையில் வெற்றிலை பாக்குக்கு நாற்பது காசு, பறையடித்தவர்க்குப் பதினைந்து, விளக்கெண்ணெய்க்கு ஆறு, மீசை திருத்திய நாவிதர்க்கு அரைக்காசு, ஆக அறுபத்தொன்றரைக் காசு என்று இருந்தது. இரண்டாம் ஓலையிலும் அதுவே. மூன்றாவதிலும் அதுவே. ஒன்பதாவது ஓலை தாழையூரிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட நீலங்கை அம்மையாருடையது. அவரும் மீசை திருத்த அரைக்காசு கொடுத்திருந்தார். வெண்கூத்தர் அதைப் படித்துத் தனியாக உட்கார்ந்து சிரித்ததாகச் சொன்னார். பதினைந்தாம் ஓலைக்கு வந்தபோது சிரிப்பு போய்விட்டது. இவர்கள் பொய் சொன்னதைக்கூடப் பொறுத்திருப்பார். பொய்யைத் தனித்தனியாக யோசிக்கவும் இவர்களுக்கு நேரமில்லையே, அவ்வளவு கிள்ளுக்கீரையாகவா குடிகள் ஆகிவிட்டார்கள் என்பதே அவர் கோபம். நீலங்கை அம்மையாரை விசாரித்தபோது, கோட்புலியார் வீட்டு எழுத்தர் எல்லாருக்கும் சேர்த்து எழுதினார் என்றும், தாம் படிக்காமல் கைக்குறியாகக் கீறலிட்டதாகவும் ஒப்புக்கொண்டார். மற்ற இருபத்திரண்டு பேர் அதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

தேர்தல் நாட்களில் கூற்றத்தில் என்ன நடந்தது என்பதைக் கண் தெரியாதவரும் அறிவார். ஊருக்கு ஊர் பந்தல். பந்தலுக்கு மூன்று பந்தி. ஓலையிட வருவோரை ஏற்றிவரப் படகு. வீட்டுக்கு ஒரு வெண்கலச் செம்பு. அறுபத்தொன்றரைக் காசுக்கு அந்தச் செம்பின் மூடியும் வராது. செலவோலையில் ஐயம் இருந்தால், பெற்றவர் எவரையும் கேட்டு அறிய ஓலைக்காவலர்க்கு உரிமை உண்டு. வெண்கூத்தர் எழுத்தாணியை இடுப்பில் செருகிக்கொண்டு ஒன்பது நாள் நடந்தார்.

தாழையூர்ப் பந்தலில் சமைத்த வடுகி என்பவள் சொன்னதை அவர் அவள் வாய்மொழியாகவே எழுதியிருக்கிறார். அதைத் திருத்த நமக்கு மனம் வரவில்லை. "பன்னெண்டு நாளு ஆக்கிப் போட்டேன்யா. ஒரு நாளைக்கு எட்டு கலம் அரிசி. பானை கழுவவே நாலு ஆளு. இந்த அம்மா வெத்தல பாக்குன்னு மட்டும் எழுதியிருக்காங்க. வெத்தலைய மென்னுட்டா அத்தன பேரும் ஏப்பம் விட்டாங்க? என் கூலியே இன்னும் பாதி வரல. அதையும் அதுல எழுதிக்குங்க." அதையும் எழுதிக்கொண்டார்.

நெல் எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது, அவள் அடுப்படியில் கிடந்த வைக்கோல் பிரிகளைக் காட்டினாள். வைக்கோல் சுற்றிய மூட்டைகளான நெற்கோட்டைகளைக் கட்டியிருந்த அந்தப் பிரிகளில் களிமண் முத்திரை காய்ந்து ஒட்டியிருந்தது. அதில் இருந்தது சங்கு. அரச முத்திரை அது; பண்டசாலை நெல்லுக்கு இடுவது. வெண்கூத்தர் குனிந்து அதை இரண்டு முறை பார்த்தார். கையில் எடுத்தால் எங்கே போய் முடியும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது; எடுக்காமல் விட்டால் தெருவில் தலை காட்ட முடியாது என்பதும் தெரிந்திருந்தது. முத்திரையைத் துணியில் முடிந்துகொண்டு பண்டசாலைக்கு நடந்தார்.

அங்கே அவர் போன நேரத்தில் ஓடைப்புரத்துக் குடிகள் கதவருகே நின்றுகொண்டிருந்தார்கள். மழை பொய்த்துவிட்டது, பஞ்சத்துக்கென்று ஆண்டுதோறும் அவர்களே அளந்து வைத்த நெல்லைக் கேட்டு வந்திருந்தார்கள். முந்நூறு கோட்டை இருக்க வேண்டிய இடத்தில் நூறுதான் இருக்கிறது; அதுவும் விதைக்கு என்று காவலன் சொல்லிக்கொண்டிருந்தான். வெண்கூத்தர் துணியை அவிழ்த்து முத்திரையைக் காட்டினார். காவலன் மறைக்கவில்லை. இருநூறு கோட்டை கோட்புலியார் வண்டிகளில் தேர்தல் மாதத்தில் போயிற்று என்றான். கூட்டத்தில் இருந்த ஓர் உழவர் மெல்லக் கேட்டது பதிவேட்டில் இருக்கிறது: "அன்னிக்குச் சாப்பிட்டுட்டு, சோறு நல்லாருக்குன்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டு வந்தேனே. எங்க நெல்லுதானா அது?"

பெருமக்களே, இதைப் படிப்பவர் இந்த இடத்தில் சற்று நிறுத்துக. குடிகள் பசிக்கென்று ஒதுக்கிய நெல்லைக் குடிகளுக்கே விருந்தாக வைத்தீர்கள். அதற்கு நன்றியாக அவர்கள் இட்ட ஓலையை எண்ணி அவை ஏறினீர்கள். ஏறிய பிறகு, வெற்றிலை பாக்கு என்று எழுதினீர்கள். வழிப்பறிக்காரனும் பறித்த பொருளைப் பறிகொடுத்தவனுக்கே பரிசாகக் கொடுத்துப் புகழ் தேடமாட்டான். உங்களுக்கு வெட்கம் என்ற ஒன்று எந்த ஊரில் கிடைக்கும் என்று விசாரித்து, அதன் விலையையும் செலவோலையில் எழுதிக்கொள்ளுங்கள்.

பண்டசாலைக் கதவு வாய்ச்சொல்லுக்குத் திறக்காது, எழுத்தாணை வேண்டும். காவலன் அந்த ஆணையையும் எடுத்துக் காட்டினான். அதன் கீழே இருந்த பெயரை வெண்கூத்தர் சன்னலில் பிடித்து இரண்டு முறை படித்தார். பிறகு ஆணையைப் படியெடுத்துக்கொண்டு, பதிவேட்டில், நெல் இருநூறு கோட்டை, பெற்றவர் நாட்டவைப் பெருமக்கள், கொடுத்தவர் இன்னார் என்று எழுதினார். மறுநாள் அவைப்படியில் நின்று, அவர்கள் வாசிக்காததைத் தாமே வாசித்தார்.

தொண்டை கட்டியிருந்தவர்கள் அன்று பிற்பகலுக்குள் குணமாகிவிட்டார்கள். அவை கூடிற்று; ஓலைக்காவலர் பொய் எழுதிப் பெருமக்களின் மானத்தைக் குலைத்தார் என்று தீர்மானித்தது; அவர் எழுத்தாணியையும் ஓலைகளையும் பறித்தது; வீட்டு வாசலில் காவல் வைத்தது. பொய் எழுதிய ஓலைக்காவலன் வலக்கைக் கட்டைவிரலை இழப்பான் என்பது பழைய சட்டம். அதன்படி அவர் விரலைக் களையவும், இனிமேல் செலவோலைகளை யாரும் வாசிக்காமல் பெட்டியில் பூட்டி வைக்கவும் இசைவு வேண்டி விண்ணப்பம் அனுப்பியது. விண்ணப்பம் முதன்மந்திரி கைக்கு வந்தால் ஓசைப்படாமல் முடிந்துவிடும் என்று கோட்புலியார் நம்பினார். நம்புவதற்கு அவருக்குக் காரணம் இருந்தது.

ஆனால் படிக்காமல் கட்டுவதே பழகிப்போன கைகள் அல்லவா! பறித்த ஓலைகளில் எது எது என்று ஒருவரும் பார்க்கவில்லை. விண்ணப்பத்தோடு வெண்கூத்தரின் பதிவையும், பண்டசாலை ஆணையின் படியையும், வடுகியின் வாய்மொழியையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி அனுப்பிவிட்டார்கள். உடல் உறுப்பைக் களையக் கேட்கும் விண்ணப்பம் எதுவானாலும், கட்டோடு பேரவையில் அவிழ்த்து, பேரரசியின் செவிபடப் படிக்கப்பட வேண்டும். அப்படியே அவிழ்க்கப்பட்டது. அப்படியே படிக்கப்பட்டது.

வெண்கூத்தர் அழைத்துவரப்பட்டார். நான்கு நாள் வண்டிப் பயணம் முழுவதும் கட்டைவிரலை உள்ளே மடக்கிக் கையை மூடியே வைத்திருந்ததாக வண்டிக்காரன் சொன்னான். பேரரசியின் முன்பும் அந்தக் கை மூடியே இருந்தது. அந்தப் பெயரை எழுதினால் என்ன ஆகும் என்று தெரிந்தும் ஏன் எழுதினீர் என்று பேரரசி வினவியருளினார். கொடுத்தவர் பெயருக்கென்று ஓலையில் ஓர் இடம் இருக்கிறது என்றும், அதை வெறுமையாக விட்டுவைக்கத் தமக்கு யாரும் உரிமை தரவில்லை என்றும், விரல் போகுமே என்று பயமாகத்தான் இருந்தது, இப்போதும் இருக்கிறது என்றும் அவர் விடை பகர்ந்தார்.

பேரரசி பின்னர் முதன்மந்திரி பக்கம் திரும்பி, ஆணையின் கீழே உள்ள பெயர் உம்முடையதா என்று கேட்டருளினார். முதன்மந்திரி மாநாகன், ஆம் என்றான்.

இதுவரை எழுத்தாணி எளிதாக ஓடிற்று. பிறர் குற்றத்தை எழுதுவது கைக்குச் சுகமான வேலை. இனி எழுதுவது கடினம். துறைமுகச் சுங்கத்தை உயர்த்த மாநாகன் எண்ணியிருந்தான். அதைக் கேள்வி கேட்காத அவை ஒன்று அவனுக்கு வேண்டியிருந்தது. ஏழைகளுக்கு அன்னமிடுவதற்கு என்று ஆணையில் எழுதி, இருநூறு கோட்டையைக் கோட்புலியிடம் கொடுத்தான். மழை பொய்க்கும் என்று அவன் நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் கொடுத்திருப்பான். வெட்கத்தின் விலையைப் பெருமக்களிடம் மேலே கேட்டவன் தன்னிடம் அதைக் கேட்டுக்கொள்ள மறந்திருந்தான். இந்த ஓலையை எழுத்தர் எவரும் எழுதலாகாது, மாநாகன் தன் கையாலேயே முதல் எழுத்து முதல் கடைசி எழுத்து வரை எழுத வேண்டும் என்பது பேரரசியின் ஆணை. அவன் எழுதுகிறான்.

பேரரசி பணித்தருளியவை இவை. ஏறன் வெண்கூத்தர் மேல் சுமத்திய குற்றம் தள்ளப்பட்டது. பறித்த எழுத்தாணியைக் கோட்புலியார் தம் கையால் திருப்பித் தருக. இருபத்துமூவரும் தத்தம் ஊரில், தாம் பந்தலிட்ட அதே இடத்தில், சாப்பிட்டவர்கள் முன்னால் நின்று, உண்மையான செலவோலையை வாசிக்க வேண்டும். கேட்பவர் எவரும் குறுக்கிட்டு, இது விட்டுப்போயிற்று என்று சொல்லலாம். சொன்னால் அது எழுதப்பட வேண்டும். வாசித்து முடிக்கும் வரை அவர்களுக்கு அவையில் இருக்கையும் இல்லை, சொல்லும் இல்லை. வாசிக்க மறுப்பவரின் இடத்துக்கு ஊர் மறுபடி குடம் வைக்கும். செலவோலையைப் பெட்டியில் பூட்டும் தீர்மானம் கிழித்தெறியப்பட்டது. இருநூறு கோட்டையில் பாதியைப் பெருமக்களும், பாதியை மாநாகனும் தம் சொந்தக் களஞ்சியத்திலிருந்து அளக்க வேண்டும். அளப்பது ஓடைப்புரத்திலிருந்து தொடங்க வேண்டும். வடுகியின் மீதிக் கூலி அன்றைக்கே தரப்பட வேண்டும்.

மந்திரி முத்திரை இன்று காலையில் பேரரசியின் திருமுன் இறக்கி வைக்கப்பட்டது. ஆகையால் இவ்வோலையில் பேரரசியின் சங்கு முத்திரை ஒன்றே இருக்கும். பக்கத்தில் இருக்கும் வெற்றிடத்தைக் கண்டு எவரும் ஐயுற வேண்டாம். ஞாயிறும் திங்களும் சாட்சியாக, ஆணை வழுவாது நிற்க.

இதைக் கொண்டுவருபவன் இதை எழுதியவனே. குடை பிடிக்க வேண்டாம், எதிர்கொள்ள வேண்டாம். வெண்கூத்தர் அவனை அவைப்படியில் நிறுத்தி, கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு எழுதுக.