மிகோன் மறுபடியும் பிறந்தான்

கத்தானே நகரம்,
தார்கெலியோன் மாதம் 4

என் லிசில்லாவுக்கு,

நான் சாகவில்லை! முதலில் இதைப் படி. அப்புறம் உட்கார்ந்து மீதியைப் படி.

சண்டையில் நம் படை அழிந்ததும் எங்களைச் சிராகூஸ் கல்குவாரியில் தள்ளினார்கள். எட்டு மாதம் கிடந்தேன். வெயிலும் பனியும் தலைமேலே, ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு குவளைத் தண்ணீர். பிறகு ஒரு பண்ணைக்காரனுக்கு விற்றார்கள். அங்கிருந்து ஓடி வந்துவிட்டேன். இந்த ஊர்க்காரர்கள் நம் பக்கம். கூழ் ஊற்றி, கப்பலிலும் இடம் பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த மாத நடுவில் கிளம்புகிறேன்.

நான் கிளம்பும்போது உன் வயிற்றில் இருந்தது ஆணா, பெண்ணா? அது தெரியாமல் போகக் கூடாது என்றுதான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பதில் எழுதச் சொல்.

உன் மிகோன்


ஏதென்ஸ்,
ஸ்கிரோஃபோரியோன் 9

உயிரோடு இருக்கிற என் மிகோனுக்கு,

எழுதுவது பெரியவர் இல்லை, நான்தான்! கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நம் விளக்குச் சூளையை நடத்தத் தொடங்கிய பிறகு கற்றுக்கொண்டது. தெருவில் ஆண்களே இல்லை, வேறு யார் நடத்துவது?

பையன்! மூன்று வயது. அச்சு அசல் உங்கள் காது.

உங்கள் கடிதம் வந்ததும் நான் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. ஆனால் ஒரு சிக்கல். உங்களுக்கு ஈமச்சடங்கு செய்தாகிவிட்டது. உடல் கிடைக்காததால் உங்கள் பழைய செருப்பைப் பானையில் வைத்துப் புதைத்தோம். சடங்கு முடிந்தவர் படி மிதித்தால் வீட்டுக்கே தீட்டு. கோயில் பக்கமும் விட மாட்டார்கள். என் அண்ணன் டெக்சியோஸ் ஒரே பிடியாக நிற்கிறான். "செத்தவன் செத்தவன்தாண்டி! எண்ணெய்க்கடை கிராதிஸுக்கு உன்னைத் தர்றதா வாக்குக் குடுத்துட்டேன். அடுத்த மாசம் பதினைஞ்சு, பௌர்ணமியில கல்யாணம்" என்கிறான்.

வழி ஒன்றுதான். நீங்கள் மறுபடி பிறக்க வேண்டும். மருத்துவச்சி குளிப்பாட்டி, துணியில் சுற்றி, பால் புகட்டி, பத்தாம் நாள் பெயர் வைத்தால்தான் நீங்கள் உயிருள்ளவர். துறைமுக மீன்காரியிடம் இதைக் கொடுத்து வைக்கிறேன். நேரே வீட்டுக்கு வந்துவிடாதீர்கள்.

லிசில்லா


பிரேயுஸ் துறைமுகம்,
ஹெகாதோம்பையோன் 2

லிசில்லா,

என்ன விளையாட்டு இது? தாடிக்காரனைத் துணியில் சுற்றுவதா? கேடயம் பிடித்து முன்வரிசையில் நின்றவன் நான்! இப்போதே மீன்காரி கேட்கிறாள், "ஏம்ப்பா, உனக்குப் பல்லு எப்ப மொளைக்கும்?"

என்னால் முடியாது. பின்வாசலைத் திறந்து வை, வந்துவிடுகிறேன். இனி சூளையை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ பழையபடி தறியில் உட்கார். என் மகனைப் பார்க்க வேண்டும்.

மிகோன்


ஏதென்ஸ்,
ஹெகாதோம்பையோன் 3

மிகோனுக்கு,

பின்வாசல் திறக்காது. தீட்டு வீட்டுப் பிள்ளை என்று நம் மகனை நாளைக்குக் குலத்தில் சேர்க்க மறுப்பார்கள்.

வெட்கமாம்! இந்தத் தெருவில் இன்னும் பதினோரு பெண்கள் புருஷனுக்குப் பதில் பானையைப் புதைத்திருக்கிறார்கள். அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள், நான் உயிரோடுதான் இருக்கிறேன், ஆனால் பிறக்க வெட்கமாக இருக்கிறது என்று.

பௌர்ணமிக்குப் பன்னிரண்டு நாள்தான். நாளைக்கே பிறக்காவிட்டால் அண்ணன் என்னைக் கிராதிஸ் வீட்டுக்கு அனுப்பிவிடுவான். எனக்குப் பயமாக இருக்கிறது. சூளைப் பேச்சைப் பிறந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். இன்னும் பிறக்காதவரோடு எனக்கென்ன பேச்சு?

லிசில்லா


பிரேயுஸ், மருத்துவச்சி வீடு,
ஹெகாதோம்பையோன் 5

லிசில்லா, கண்ணே,

நேற்றுப் பிறந்துவிட்டேன்! ஒரு கையை மட்டும் அவிழ்த்துவிடச் சொல்லி எழுதுகிறேன்.

பல்லைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். மருத்துவச்சி மிர்தாலே ஒரு தொட்டி நிறைய வெந்நீர் வைத்திருந்தாள். ஒரு தொட்டி, லிசில்லா! முதல் சொம்பை ஊற்றியதும், ஐயோ வீணாகிறதே என்று இரண்டு கையாலும் ஏந்திவிட்டேன். அப்புறம் அழுதேன். நிஜக் குழந்தை கெட்டது போ. "ஆம்பளப் புள்ளடி!" என்று மிர்தாலே தெருவுக்கே கேட்கக் கத்தினாள்.

இன்று உன் தெருப் பெண்கள் பதினோரு பேரும் வந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. "கொஞ்ச நேரம் நான் வச்சுக்கறேன்" என்று ஒவ்வொருத்தியாக என் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். காதருகே குனிந்து ஒரு பெயர் சொன்னாள். அவளவள் புருஷன் பெயர். அதில் நான்கு பேர் குவாரியில் என் பக்கத்தில் படுத்திருந்தவர்கள். சாகும் முன் அவர்கள் சொல்லியனுப்பியதைச் சொன்னேன்.

சூளை உன்னுடையது. களிமண் மிதிக்க ஆள் வேண்டுமா? பிறந்து ஒரு நாள்தான் ஆகிறது, கூழ் ஊற்றினால் போதும். என்னைக் கட்டிக்கொள்வாயா?

இன்னும் பெயரில்லாதவன்


ஏதென்ஸ்,
ஹெகாதோம்பையோன் 12

என் பச்சைப் பிள்ளைக்கு,

இனி உன்னை 'நீங்கள்' என்று எழுத வராது. என்னைவிட இருபத்தைந்து வயது சின்னவன் நீ.

அண்ணன் உன்னை எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். "வாயத் தொறந்துக்கிட்டுத் தூங்குறான்டி" என்றான். கிராதிஸ் வீட்டுக்கு அவனே போய், கல்யாணம் இல்லை என்று சொல்லிவிட்டான்.

ஆண் பிள்ளை பிறந்த வீடு என்று வாசலில் ஒலிவ மாலை மாட்டியாயிற்று. நம் மகன்தான் மண்கூடை மேல் ஏறி நின்று மாட்டினான். "தம்பிப் பாப்பா எப்ப வரும்?" என்று காலையிலிருந்து என்னைப் பிடுங்கி எடுக்கிறான். நீயே வந்து பதில் சொல்.

மண் மிதிக்க வா. சூளையில் சூடு பார்ப்பது நான்தான்.

இன்று போய்ப் பானையைத் தோண்டினேன். பக்கத்தில் இருந்த பதினோரு பானைகளும் அசையாமல் பார்த்துத் தோண்டினேன். இடது செருப்பில் எறும்பு குடியேறியிருந்தது. தட்டி, எண்ணெய் பூசிப் படியில் வைத்திருக்கிறேன். நாளை உனக்குப் பெயர் வைத்ததும் வெறுங்காலோடு வா. போட்டுக்கொண்டு உள்ளே வரலாம்.

உன் லிசில்லா