மழையில் தெரிந்தது

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி வணக்கத்துடன் எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் யார் உடம்புக்கும் ஒன்றுமில்லை. அதற்கு மேல் நலம் என்று எழுத மனம் வரவில்லை. போனில் பேசலாமென்றால் அவர் பக்கத்திலேயே இருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை, லீவு முடிவதற்குள் பிள்ளைகளுக்கு அணையைக் காட்டிவிடலாமென்று பக்கத்து வீட்டுக் காரை இரவல் வாங்கிப் போனோம். மண்டையைப் பிளக்கும் வெயில். பெரியவன் தண்ணீரை விட்டு ஏறமாட்டேன் என்றான். சின்னவள் தொப்பியைத் தொலைத்தாள். மூன்று மணிக்கு வானம் அடுப்புக்கரியாகக் கறுத்தது. பாத்திரங்களைக்கூட மூடாமல் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பினோம்.

இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், எனக்கென்ன பயம் என்றிருந்தேன். மலை இறக்கத்தில் ஆலங்கட்டி விழுந்தது. “சும்மா உக்காராதே, முன்னால என்ன வருதுன்னு சொல்லிக்கிட்டே வா” என்றார். லாரி, வளைவு, மைல்கல் என்று சொல்லி வந்தேன். “அம்மா கிரிக்கெட் கமெண்ட்ரி ஆரம்பிச்சுட்டாங்க” என்று பெரியவன் சிரித்தான். ஒரு மின்னலுக்குப் பயந்து கண்ணை மூடிக் கடவுளைக் கூப்பிட்டேன். திறந்தால், எதிரே குடையோடு ஒரு மனிதர். வெள்ளைச் சட்டை. எனக்குப் பளிச்சென்று தெரிகிறது, வண்டி வேகம் குறையவில்லை. நான் போட்ட கூச்சலில்தான் பிரேக்கை மிதித்தார். அந்த மனிதர் பள்ளத்தில் குதித்துப் பிழைத்தார். குடை சக்கரத்துக்கு அடியில்.

உங்கள் தம்பி இறங்கவில்லை. “எங்கே நின்னான்?” என்று என்னைக் கேட்டார்.

எதையும் தேதி போட்டு எழுதிவைப்பேன் என்று கேலி செய்வீர்களே, அந்த நோட்டைப் புரட்டினேன். ஜனவரி ஒன்பது, பஸ் பள்ளிக்கூட கேட் தூணில் உரசியது. பிப்ரவரி இருபது, தெருவில் எதிரே வந்த என்னைக் கண்டுகொள்ளாமல் போனார். கோபமென்று நினைத்து இரண்டு நாள் நானும் பேசவில்லை. மார்ச் பதினாலை எழுதக் கை கூசுகிறது. லைசென்ஸ் புதுப்பிக்கக் கண் பரிசோதனை. அதற்கு முன்பே, அங்கே மாட்டியிருக்கும் எழுத்துப் பலகையைப் போட்டோவாகக் கொண்டுவந்து, “வரிசையாச் சொல்லிக்கொடு, நீதானே இந்த வீட்டு டீச்சரம்மா” என்றார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காமல் தானாகப் படித்தவள் நான். அந்த ஒரு சொல்லில் குளிர்ந்துபோய், ஏன் என்றுகூடக் கேட்காமல் மூன்று நாள் ஒப்பிக்க வைத்தேன். ஒரு எழுத்தும் பிசகாமல் சொல்லிவிட்டு வந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அணையிலிருந்து வீடு வந்து நான் கேட்டதற்கு, இரண்டு கண்ணிலும் புகை மூட்டம், டாக்டரிடம் போனால் அப்புறம் ஸ்டியரிங்கைத் தொடவிட மாட்டார்கள் என்றார். யாரிடமும் சொல்லக்கூடாதென்று பிரார்த்தனைப் புத்தகத்தின் மேல் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கினார். அதை மீறித்தான் எழுதுகிறேன். அந்தப் பாவம் என் தலையோடு போகட்டும்.

அடுத்த வாரம் புதன்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. காலை ஏழு பத்துக்கு முதல் நடை. முப்பத்தெட்டுப் பிள்ளைகள், அதில் நம் சின்னவளும் ஒருத்தி. காய்ச்சலென்று சொல்லி அவளை நிறுத்திக்கொள்வேன். மற்ற முப்பத்தேழு பேரை என்ன சொல்லி நிறுத்துவேன், அண்ணி?

அவர் அடங்குவது அக்கா பேச்சுக்கு மட்டும்தான். செவ்வாய்க்கிழமைக்குள் வந்துவிடுங்கள். ஆண்டவர் உங்களுக்குத் துணை இருப்பார். வருவதாக மட்டும் முன்கூட்டிச் சொல்லாதீர்கள். சொன்னால், அக்காவை அழைத்து வருகிறேனென்று ஸ்டேஷனுக்கு வண்டி எடுத்துவிடுவார்.

உங்கள் பாதம் பணியும்,
தம்பி மனைவி