பத்தாம் மாத்திரையோடு நிறுத்தினேன்

6 ஆகஸ்ட் 2025, புதன்
யாழினிக்குப் பதினாறு வயது. பத்தொன்பது நாளாக உதிரம் நிற்கவில்லை. இன்று பள்ளிப் பிரார்த்தனையில் மயங்கி விழுந்துவிட்டாள். ஹீமோகுளோபின் ஏழு. லிசி டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார்: இருபத்தொரு நாள், ஒரு நாளும் விடக்கூடாது. பஸ்ஸில் வரும்போது பெயரை ஃபோனில் போட்டுப் பார்த்தேன். கருத்தடை மாத்திரை. என் மகளுக்கா? பக்கத்து சீட்காரி பார்த்தாளோ என்று சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வரை வியர்த்துக் கொட்டியது.

7 ஆகஸ்ட்
டாக்டருக்கு ஃபோன் செய்தேன். "பேரைப் பாத்துப் பயப்படாதீங்க அமிர்தம். ரத்தப்போக்கை நிறுத்தவும் இதைத்தான் கொடுப்போம்" என்றார். அவருக்கென்ன, அவர் வீட்டிலா நாத்தனார் வந்து தங்கியிருக்கிறார்?

9 ஆகஸ்ட்
நின்றுவிட்டது.

10 ஆகஸ்ட்
நாத்தனார் பொன்னுத்தாய் மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டார். வாயில் வந்ததைச் சொன்னேன்: "ஆடிக் கடைசி வெள்ளி லால்குடியில சாமி கும்பிடுறோம்ல அண்ணி, தீட்டைத் தள்ளிப்போடத்தான்." முகம் மலர்ந்துவிட்டது. சாமிக்காக என்றால் எந்த மாத்திரையும் சுத்தம்தான்.

15 ஆகஸ்ட்
குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தோம். யாழினி யாரையும் பிடித்துக்கொள்ளாமல் நடந்தாள்.

16 ஆகஸ்ட்
இன்று மாத்திரை கொடுக்கவில்லை. நான் தள்ளிப்போடும்போதெல்லாம் சாமி கும்பிட்டதும் நிறுத்திவிடுவேன், ஒன்றும் ஆனதில்லை. இவளுக்கும்தான் நின்றுவிட்டதே. மிச்சம் பதினொன்றையும் எதற்கு உடம்பில் ஏற்றுவது? நாளைக்குப் பிள்ளை தங்காமல் போனால்? நல்லதுதான் செய்தேன். செய்தேனா?

18 ஆகஸ்ட்
ஆரம்பித்துவிட்டது.

19 ஆகஸ்ட்
நிக்கவே மாட்டேங்குது. மூணு தடவை விரிப்பு மாத்தியாச்சு. உதடு வெளுத்துப்போச்சு — "ஏம்மா நிறுத்தினீங்க?"ன்னு கேக்குறா. பாவி, நானேதான் பண்ணேன்.

20 ஆகஸ்ட்
ஆஸ்பத்திரி. ரத்தம் ஏறுகிறது. எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் திட்டவில்லை, திட்டியிருந்தால் ஆறியிருக்கும். "நீங்க போட்டது தள்ளிவைக்க. இது வைத்தியம்மா. பாதியில விட்டா மறுபடி கொட்டத்தான் செய்யும். இதனால பிள்ளை தங்காதுன்னு யார் சொன்னா?" யாரும் சொல்லவில்லை. என் பயம்தான்.

3 செப்டம்பர்
அண்ணியிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனார். போகட்டும்.

17 செப்டம்பர்
யாழினிக்கு ஹீமோகுளோபின் ஒன்பதரை. "வீட்ல வேற யாருக்காவது இப்படி உண்டா?" என்று டாக்டர் கேட்டார். இல்லை என்று நான் தலையாட்டுவதற்குள் யாழினி சொல்லிவிட்டாள்: "அம்மாவுக்கு இருக்கு டாக்டர். மாசாமாசம் ரெண்டு நாள் ஆபீசுக்கு லீவு. அந்த வாரம் பூரா கறுப்புப் புடவைதான்." டாக்டர் என் கீழிமையை இழுத்துப் பார்த்தார். எத்தனை வருடமாக என்றார். இவள் பிறந்ததிலிருந்து. யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. என் ஹீமோகுளோபின் எட்டு.

20 செப்டம்பர்
அலமாரியில் இப்போது இரண்டு அட்டைகள். என்னுடையதை யாழினிதான் பிரித்துக் கொடுக்கிறாள். நான் விழுங்கும்வரை அங்கேயே நிற்கிறாள்.