சுவருக்கு வராத போட்டோ

நான் பாடம் எடுக்கும் கல்லூரியின் வாசலில் கட்டியிருந்த பிளெக்ஸைக் கழற்றி, சுருட்டி, எங்கள் கம்ப்யூட்டர் லேப் மூலையில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்து வைத்தும் அதன் பெயிண்ட் வாடை போகவில்லை. அந்தச் சுருளுக்குள் அவன் முகம் இருக்கிறது. கோட்டுப் போட்டு, கை கட்டிச் சிரிக்கிற முகம். பக்கத்தில் கொட்டை எழுத்தில் "பெண்களும் இணையப் பாதுகாப்பும்: சிறப்புரை". இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

திருநகரில் நாம் படித்த நாட்களில் பஸ் ஸ்டாப்புக்கு எதிர்மாடியில் பிரவுசிங் சென்டர் நடத்தியவன்தான். ப்ராஜெக்ட் வேலைக்காக நாம் அங்கே போவோம். பின்பக்கம் பையன்கள் கம்ப்யூட்டர்களை வரிசையாக இணைத்துத் துப்பாக்கிச் சண்டை கேம் ஆடிக்கொண்டிருப்பார்கள். எனக்கு அந்தச் சத்தமே தலைவலி. நீயோ பிரிண்ட் வருவதற்குள் அவர்கள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுவிடுவாய். ஒரு நாள், ஒருவன் எழுந்துபோன நாற்காலியில் யாரையும் கேட்காமல் உட்கார்ந்தாய். அதன்பிறகு உன்னை எழுப்ப என்னால் முடியவில்லை.

"இவனுக சும்மா முன்னாடி போயி முட்டுறானுக. செவத்த ஒட்டி நின்னு, மொதல்ல காலடிச் சத்தத்தக் கேக்கணும் புள்ள" என்பாய்.

கீழக்குயில்குடிக்கு சைக்கிளில் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? எல்லோரும் சிற்பம் பார்க்கப் போகிற மலையில் நீ ஒளிய இடம் பார்த்தாய். "இந்தக் கொகைக்குள்ள ஒருத்தன் பதுங்குனா மேல இருந்து தெரியவே தெரியாது. இத அப்படியே ஒரு கேமுக்கு மேப்பாப் பண்ணப்போறேன், பாரு" என்றாய். உன் வீட்டில் சௌராஷ்டிர பாஷையில் அம்மாவிடமும் அதையே சொல்லி, திட்டு வாங்கினாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் போட்டி வைத்தான். கடைசிச் சுற்றில் நீயும் அவனும். அவன் கடை, அவன் மெஷின், சுற்றிலும் அவன் கூட்டாளிகள். கேமில் அவன் எழ எழ வீழ்த்தினாய். "என்ன அண்ணே, ஒரு பொம்பளப் புள்ளகிட்டயா?" என்று ஒருவன் சிரித்தான். அவனும் சிரித்தான். கேமராவை எடுத்து வந்து, "ஜெயிச்சவங்க போட்டோவ செவத்துல ஒட்டணும்ல" என்றான். நீ தலைமுடியைச் சரிசெய்துகொண்டு நின்றாய்.

அந்தப் போட்டோ சுவருக்கு வரவே இல்லை. இணையத்தில், உன் பெயரில் யாரோ தொடங்கிய பக்கத்தில் வந்தது. அதன் கீழே வாயால் சொல்லக் கூசுகிற வரிகள். அதற்கும் கீழே உன் வீட்டு போன் நம்பர். முதல் போனை எடுத்தவர் உன் அப்பா.

அவன் கேமராவைத் தவிர அந்தப் படம் வேறெங்கும் கிடையாது. நாம் நேரே போய்க் கேட்டோம். மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்: "அன்னைக்கு ஒன்னோட ரவுண்டு. இது என் ரவுண்டு."

"பொம்பளப் புள்ள அங்க எதுக்குப் போச்சு?" உன் வீட்டிலும் தெருவிலும் கல்லூரியிலும் இது ஒன்றைத்தான் கேட்டார்கள். போட்டவன் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஸ்டேஷனுக்குப் போகலாம் என்றேன். உன் அப்பா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். "வேணாம்மா. இன்னும் நாலு பேருக்குத் தெரிஞ்சுபோகும்." இன்டர்நெட் பெண்களைக் கெடுக்கிறது என்று அப்போது பேசாத ஆள் இல்லை. பிரவுசிங் சென்டர்களில் கேபின் கதவுகளைக் கழற்றச் சொன்னார்கள். கதவுகளுக்குக் கிடைத்த தண்டனைகூட அவனுக்குக் கிடைக்கவில்லை.

உன் படிப்பை நிறுத்தி, பரமக்குடியில் சொந்தத்திலேயே கட்டிவைத்தார்கள். நான் பார்க்க வந்தபோது, வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறதா என்று கேட்டேன். "போனையே எங்கையில தரமாட்டாக" என்று சிரித்தாய். பிறகு மஞ்சள்காமாலை என்று செய்தி வந்தது. நான் பஸ் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. காமாலைக்கு அவன் என்ன செய்வான் என்று என் கணவர் நியாயம் பேசினார். இருக்கட்டும். உன்னைப் பரமக்குடிக்கு அனுப்பியது காமாலை இல்லையே.

இப்போது அவன் சிம்மக்கல்லில் கம்ப்யூட்டர் பயிற்சி நிலையம் நடத்துகிறானாம். எங்கள் மாணவிகளுக்கும் வகுப்பெடுக்க ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்கு முன்னோட்டமாகத்தான் அந்தச் சிறப்புரை. "போட்டோ போடாதீங்க. நம்பர் குடுக்காதீங்க. ஜாக்கிரதையா இருக்கிறது பொண்ணுங்க கையிலதான் இருக்கு" என்று மேடையில் அடித்துப் பேசினான்.

கடைசி வரிசையிலிருந்து எழுந்து மைக்கை வாங்கினேன். "சார், ஒரு பொண்ணு போட்டோவும் போடல, நம்பரும் குடுக்கல. கடைக்காரரே படம் எடுத்து, அவரே இன்டர்நெட்ல போட்டாரு. அவ எப்படி ஜாக்கிரதையா இருந்திருக்கணும்?"

"எந்தக் கடை மேடம்?"

"திருநகர் பஸ் ஸ்டாப்புக்கு எதுத்த மாடி. உங்க கடை." உன் முழுப் பெயரையும் சொன்னேன்.

அவன் மறுப்பான் என்றுதான் நினைத்திருந்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அது... அந்த வயசுல ஏதோ வெளையாட்டாப் பண்ணது. இப்ப எதுக்கு மேடம் அதெல்லாம்?" என்றான். அவன் வாயாலேயே, மைக்கில்.

"அவ செத்துட்டா சார்" என்றேன்.

முதலில் ஒரு பெண் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அடுத்து அவள் வரிசை. பிறகு நாற்காலிகள் நகரும் சத்தம்தான். பிரின்சிபால் என்னை அழைத்து, "விருந்தாளிய இப்படியா அவமானப்படுத்துறது?" என்றார். "நான் கேக்கத்தான் செஞ்சேன் மேடம். சொன்னது அவரு" என்றேன். ஒப்பந்தம் நின்றுபோனது. விஷயம் வீடு வீடாகப் பரவி, அவன் நிலையத்திலிருந்தும் பெண்பிள்ளைகளை நிறுத்துகிறார்களாம். கேள்விப்பட்டதும் எனக்குப் பசி எடுத்தது. நன்றாகச் சாப்பிட்டேன்.

இன்று மதியம் அவனே போன் செய்தான். "பெரிய மனசு பண்ணி மன்னிச்சு விட்ருங்க மேடம். எனக்கும் ஒரு பொண்ணு இருக்கு."

"எனக்கு அம்புட்டுப் பெரிய மனசு கெடையாது" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

கோபத்தை இத்தனை வருஷம் சுமந்தது போதும், இறக்கி வை என்று வீட்டில் சொல்கிறார்கள். உன்னுடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். அதைத்தான் அவன் கேட்கிறான். தர மாட்டேன்.