ஒன்பது பாட்டும் ஒரு 'ம்'மும்

அன்புள்ள மாஸ்டருக்கு,

நானும் வாண்டுவும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். வாண்டு நலம். என்னைப் பற்றி எழுதக் கொஞ்சம் இடம் வேண்டும். போனில் நமக்குக் கிடைப்பது பத்து நிமிடம். அதில் பாதி "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே போய்விடுகிறது. மீதியில் நான் பொய் சொல்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம். நம் கல்யாணத்துக்கு முன்னால் உனக்கு எழுதியதோடு சரி. பதினெட்டு வருடத்தில் கையெழுத்து இன்னும் மோசமாகிவிட்டது. பொறுத்துக்கொள்.

முதலில் அந்தப் பொய்யைச் சொல்லிவிடுகிறேன். நான் குளியலறையில் வழுக்கி விழவில்லை. வேலையில் அடிபட்டது. இடது முழங்கைக்குக் கீழே பதினொரு தையல். பயப்படாதே, எலும்புக்கு ஒன்றுமில்லை, விரல்கள் எல்லாம் அசைகின்றன. கம்பெனியில் இரண்டு வாரம் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். கைக்காக ஒரு வாரம், விசாரணைக்காக ஒரு வாரம். இன்றோடு ஒன்பது நாள். இதற்குள் சமையலறை அலமாரியை இரண்டு தடவை மாற்றி அடுக்கிவிட்டேன். சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று இப்போது எனக்கே தெரியாது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. "அப்பா, நீ வீட்ல இருந்தா வீடே ஏறி இறங்குற மாதிரி இருக்கு" என்கிறாள் உன் வாண்டு. லிஃப்ட் மெக்கானிக்கின் மகள் வேறு எப்படிப் பேசுவாள்?

போன மாதம் ஒரு துணிக்கடையில் லிஃப்ட் கதவு மூடவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். மூன்றாவது மாடியில் கதவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கடைக்குள் ஒரு பாட்டு போட்டார்கள். ஒரு பெண்ணின் குரல். அப்போதுதான் தூங்கி எழுந்தவள் மாதிரி, யாரோடும் பேசப் பிடிக்காதவள் மாதிரி. ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். எனக்குப் பதினேழு வயதில் தேயத் தேயக் கேட்ட கேசட்டின் நான்காவது பாட்டு அது.

அந்தக் கேசட்டைப் பற்றி உன்னிடம் சொன்னதே இல்லை. மொத்தம் ஒன்பது பாட்டு. அட்டையில், காலி பஸ்ஸில் ஒரு பெண் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பாட்டில் பாதி வார்த்தை புரியாது. எனக்கும் அண்ணனுக்கும் ஒரே அறை. அவன் பரீட்சைக்கு உருப்போடுவான். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து வாக்மேனில் அதையே கேட்பேன். மாமா எனக்கு லிஃப்ட் பயிற்சியில் இடம் வாங்கிக் கொடுத்த வருடம். அந்த வேலை பிடிக்கவில்லை என்றில்லை. எங்கேயாவது போய்விட வேண்டும், அவ்வளவுதான். எங்கே என்று யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

ஒரு நாள் மத்தியானம் பையில் நாலு சட்டையைத் திணித்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போயே விட்டேன். கேசட் இரண்டு பக்கமும் ஓடி முடிய வேண்டும், முடிந்ததும் எந்த பஸ் நிற்கிறதோ அதில் ஏறிவிட வேண்டும் என்று திட்டம். எட்டாவது பாட்டின் நடுவில் பேட்டரி தீர்ந்தது. அவள் குரல் இழுத்து இழுத்து ஆண் குரலாகி நின்றுவிட்டது. நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். போனதையும் யாரும் கவனிக்கவில்லை, வந்ததையும் கவனிக்கவில்லை. அம்மா மட்டும் பையைப் பார்த்துவிட்டு, "சட்டையெல்லாம் இஸ்திரி போட்டாச்சா?" என்று கேட்டாள். ஆச்சு என்றேன்.

துணிக்கடையிலிருந்து வந்த அன்றே வாண்டு அந்த ஒன்பது பாட்டையும் தேடி என் போனில் ஏற்றிக் கொடுத்தாள். அவளும் மூன்று பாட்டு கேட்டாள். "இவங்களுக்கு என்னப்பா பிரச்சினை? எல்லா பாட்டுலயும் எங்கயோ கெளம்புறாங்க. ஒண்ணுலயும் போய்ச் சேரல." சிரித்தேன். சிரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து போட்டேன். அதன் பிறகு விடவே முடியவில்லை. பஸ்ஸில், மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது, கடைசியில் வேலையிலும். ஹெல்மெட்டுக்குள் ஒரு காதில் மாட்டிக்கொள்வேன், வெளியே தெரியாது.

பழைய பாட்டைக் கேட்டால் பழைய வயது திரும்பும் என்பார்களே, எனக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. அன்றைக்குக் கேட்டபோது, அட்டையில் இருந்த அந்தக் காலி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவன் நான். இப்போது கேட்டால், பஸ் போன பிறகு அந்த இடத்தில் நிற்கிறவனாக இருக்கிறேன். இதை எப்படி எழுதுவது என்று நாலு தடவை எழுந்து நடந்துவிட்டு வந்தேன். எழுதிவிடுகிறேன். நீ வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிய அன்று, விமான நிலையத்தில் உன் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது, அது உண்மை. கூடவே பொறாமையாகவும் இருந்தது. ஒரு தடவைகூடத் தயங்காமல் அந்தக் கண்ணாடிக் கதவைத் தாண்டிப் போனாய். ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் துணி வெட்டும் பிரிவு முழுவதையும் கட்டிங் மாஸ்டராக நீ நடத்தப் போகிறாய் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன். சொல்லிவிட்டு வந்து, நீ துணி வெட்டும் மேஜையைச் சுவரோடு தள்ளிவிட்டேன். ஏன் தள்ளினேன் என்று எனக்குத் தெரியாது.

இனி கைக்கு வருகிறேன். பன்னிரண்டு மாடிக் கட்டடம். நான் லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நின்று, கூண்டு ஏறி இறங்கும் தண்டவாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மேலே மோட்டார் அறையில் மீசை. பதினொரு வருடமாக என்னோடு வேலை பார்க்கிறவர், நம் வீட்டில் அவர் சாப்பிடாத மாதம் கிடையாது. கூரையில் ஒரு நிறுத்து பொத்தான் இருக்கிறது. அதை அமுக்கிவிட்டுத்தான் கையை வெளியே நீட்ட வேண்டும். முதல் நாள் வேலைக்கு வருகிறவனுக்கும் தெரியும். நான் அமுக்கவில்லை. காதில் ஏழாவது பாட்டு. அதில் அவள் ஓர் இடத்தில் வார்த்தையே இல்லாமல் முனகுவாள், நானும் கூடவே முனகினேன். லிஃப்ட் ஓடும் அந்தக் குழிக்குள் முணுமுணுத்தால்கூட மேலே கேட்கும். அந்த நேரம் பார்த்து மீசை, "ஏத்தட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது என்னுடைய 'ம்'.

கூண்டு ஓர் அடிதான் ஏறியது. நான் கத்தியதும் நிறுத்திவிட்டார். ஓர் அடியோடு நின்றதால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

விசாரணையில் இஞ்சினியர் கேட்டபோது மீசை, தான்தான் சரியாகக் கேட்காமல் ஓட்டிவிட்டதாகச் சொன்னார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காமல் இருப்பதில் நான் கெட்டிக்காரன், உனக்குத் தெரியாததா? இரண்டு நாள் கழித்து மீசை நம் வீட்டுக்கு வந்தார். என் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்தார். காபிகூட வேண்டாம் என்றுவிட்டார். "பதினோரு வருஷமா நீங்க 'ம்'னா சரின்னுதான் அர்த்தம். இனிமே நான் எதை நம்பி கேக்குறது?" என்றார். அவர் மீசை துடித்தது, அழுகிறாரா கோபமா என்று புரியவில்லை. அவர் போன பிறகு வீட்டுக்குள் எத்தனை சுற்று நடந்தேன் என்று தெரியாது. நேற்று காலை போய் இஞ்சினியரிடம் பாட்டு, பொத்தான், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மீசையை விட்டுவிட்டார்கள். எனக்கு ஆறு மாதம் குழியில் இறங்கத் தடை. உதிரி பாகங்கள் அறையில் வேலை. திங்கட்கிழமையிலிருந்து நட்டு போல்ட்டுக்கு நடுவே உட்கார்ந்திருப்பேன். உட்காரத்தான் பழக வேண்டும்.

நேற்று அங்கிருந்து நடந்து வரும்போதுதான் உறைத்தது. போன மாதம் போனில், இன்னும் இரண்டு வருடத்துக்குக் கேட்கிறார்கள் என்று சொன்னாய். "இருக்கட்டுமா?" என்று கேட்டாய். நான் 'ம்' என்றேன். நீயும் சரி என்று சொல்லி வைத்துவிட்டாய். நான் உண்மையில் பதில் சொல்லவே இல்லை, மாஸ்டர். நீ கேட்டது காதில் விழுந்தது, அதன் பிறகு எனக்கு எதுவும் கேட்கவில்லை. வா என்று சொன்னால் நீ வந்துவிடுவாய். வந்த பிறகு, அங்கே விட்டதை நினைத்து நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பாயோ என்று பயம். இரு என்று சொல்ல வாய் வரவில்லை. அதுதான் அந்த 'ம்'. வேறு ஒன்றுமில்லை.

மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்றாய். போடுவதற்கு முன்னால் ஒரு நாள், வாண்டு பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்துக் கூப்பிடு. நான் பேசுகிறேன். கொஞ்சம் திக்குவேன், வைத்துவிடாதே. உனக்கு அங்கே வேலை எவ்வளவு பிடித்திருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல். அதைக் கேட்கவும் நான் தயார்.

வாண்டுவைப் பற்றி ஒன்று. இந்த வருடம் இரண்டு அங்குலம் வளர்ந்துவிட்டாள். பள்ளிப் பாவாடை முழங்காலுக்கு மேலே போய்விட்டது, டீச்சர் குறிப்பு எழுதி அனுப்பியிருக்கிறார். கடைக்குப் போகலாம் என்றால் வர மறுக்கிறாள். தையல்காரரிடம் போகலாம் என்றேன். "வேணாம்ப்பா, அம்மா வந்து அளவெடுக்கட்டும்" என்றாள். நீ எப்போது வருவாய் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போதைக்கு ஓரத்தைப் பிரித்து நானே இறக்கித் தைத்திருக்கிறேன். தையல் கோணல். நீ பார்த்தால் சிரிப்பாய்.

நேரத்துக்குச் சாப்பிடு. நின்றுகொண்டே வேலை பார்க்காதே, கால் வீங்கும். நீ எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் நல்லதாகவே அமையட்டும்.

உன் பதிலுக்காக வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டிருக்கும்,
உன் வீட்டுக்காரன்