சீனி டப்பாவில் இருந்த ஏவுகணை

அருப்புக்கோட்டை
19.6.1988

அன்பு மகன் ஆஸ்டினுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், மழைக்குத்தான் இன்னும் சுகமில்லை போலிருக்கிறது, இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஜாம்நகரில் நீ வேளைக்குச் சாப்பிடுவதாக உன் கடிதங்கள் சொல்கின்றன, உன் போட்டோ அப்படிச் சொல்லவில்லை.

லீவில் வந்தபோது நீ கொடுத்துவிட்டுப் போன பிளாஸ்டிக் போர் விமானத்தை ஒட்டி முடித்துவிட்டேன். நான்கு ஏவுகணைகளையும் இறக்கையோடு ஒட்டிவிடும்படி அதனோடு வந்த தாளில் போட்டிருந்தது. தாள் எழுதியவருக்கு உன் அம்மாவைத் தெரியாது. விமானம் வைக்க இடம் இருந்தது திருஇருதயப் படத்துக்குக் கீழேதான். ஆண்டவர் காலடியில குண்ட வச்சுட்டு நான் எப்படி முழங்கால் போடுறது என்று கேட்டாள். அதனால் குண்டூசிகளின் தலையை நறுக்கி ஏவுகணைகளின் முதுகில் செருகினேன், இறக்கையின் அடியில் ஊசியைச் சுட வைத்துத் துளை போட்டேன். காலையில் நான் மாட்டுவேன், சாயங்கால ஜெபத்துக்கு அவள் கழற்றிவிடுவாள். பெரிய விமானத்தில் நீ செய்யும் வேலையை நாங்கள் இங்கே சம்பளமில்லாமல் செய்துவந்தோம்.

போன ஞாயிற்றுக்கிழமை பரளச்சி ஞானமுத்து நம் வீடு பார்க்க வந்தார். அவர் மகள் சுஜிதாவைத்தான் உனக்குக் கேட்டிருக்கிறோம். அவள் போட்டோவைப் பார்த்துவிட்டு நீ எழுதியதுதான் உன் கடிதங்களிலேயே நீளமானது என்பதால் மேற்கொண்டு விளக்கவில்லை. அவருடைய தம்பி எழுபத்தோராம் வருஷச் சண்டையில் போய்ச் சேர்ந்தவர். ஆயுதம் என்று பேச்சு வந்தாலே மனிதர் எழுந்துவிடுவார், பையன் விமானப்படை ஆபீஸில் கணக்கு எழுதுகிறான் என்று சொல்லிவிடுங்கள் என்று உபதேசியார் சவரிமுத்து முன்கூட்டியே வந்து சொன்னார். பத்துக் கட்டளைகளை நம் தெருவுக்கே மனப்பாடம் செய்வித்தவர் அவர், பொய் சொல்லாதே என்கிற எட்டாவது கட்டளையில் இதற்கு இடம் இருக்கும் என்று நம்பி நானும் தலையாட்டினேன். ஞானமுத்துவும் உபதேசியாரும் தெருவில் வருவது தெரிந்ததும் அம்மா ஏவுகணைகளைக் கழற்றிக் கைக்கு எட்டிய டப்பாவில் போட்டு மூடினாள். அது சீனி டப்பா.

ஞானமுத்து விமானத்தைப் பார்த்து, இதுல எம்புட்டுப் பேரு போவாக என்று விசாரித்தார். ஒருத்தர்தான் என்றேன். ஒருத்தருக்குக் கணக்கு எழுத ஒரு ஆளா, கவர்மெண்டுன்னா கவர்மெண்டுதான் என்றார். அதற்குள் காபி வந்தது. சீனி கரையவில்லை என்று டம்ளரை ஆட்டினார், டம்ளர் மணியடித்தது. விரலை விட்டு எடுத்து உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். உபதேசியார் ஜன்னல் வழியே மேகம் தேட ஆரம்பித்தார். அண்ணாச்சி, இத எங்க மாட்டுறது என்று ஞானமுத்து கேட்டார். இறக்கையைக் காட்டினேன். மாப்பிள்ள சோலி இதுதானா என்றார். நான் உபதேசியாரைப் பார்த்தேன்.

அம்மாதான் அடுப்படி வாசலில் நின்று சொன்னாள். ஆமாண்ணே, எம்மகன்தான் மாட்டி அனுப்புறான். போனது போனபடியே திரும்பி வரணும், மாட்டினத அவன் கையாலயே கழட்டி எடுத்து வைக்கணும், அதுக்குத்தான் தினம் முழங்கால் போடுறேன் என்றாள். இத்தனை நாளாக அவள் படத்துக்காகத்தான் கழற்றுகிறாள் என்று நினைத்திருந்தேன்.

ஞானமுத்து ஆறிப்போன காபியை மிச்சம் வைக்காமல் குடித்தார். என் தம்பியும் எங்கம்மாட்ட ஸ்டோர்ல வேலைன்னுதான் சொல்லிட்டுப் போனான், கடைசி வரைக்கும் அவுக அதைத்தான் நம்புனாக என்றார். இனி பொய் வேண்டாம், மாப்பிள்ளையவே எம்மகளுக்கு எழுதச் சொல்லுங்க, என்ன சோலி, என்ன ஆபத்து, எல்லாத்தையும் எழுதட்டும், அவ சரின்னா எனக்குச் சரி என்றார். ஏவுகணையைத் துண்டில் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார், மகளிடம் காட்ட வேண்டுமாம்.

ஆகையால் இதைப் படித்த கையோடு எழுது. அழகாக எழுத வேண்டாம், உள்ளதை எழுது. அவர்கள் முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். வெயிலில் வெறுந்தலையோடு நிற்காதே என்று அம்மா சொல்லச் சொன்னாள். மாதா உன்னையும், நீ மாட்டி அனுப்புகிறவர்களையும் காப்பாற்றித் திருப்பிக் கொண்டுவரட்டும். நம் விமானம் இப்போது மூன்று ஏவுகணையோடு நிற்கிறது. நாலாவதைப் பரளச்சியில் போய் வாங்கி வந்து மாட்ட வேண்டியவன் நீதான். துளையை நான் அடைக்கவில்லை.

உன் வரவை எதிர்பார்க்கும் அப்பா,
செல்வதுரை